ஒரு மழைக்காலம் தாண்டட்டும்

2024 தீபாவளிக்கு முதல் நாள் இரவு தம்பி கொழும்பிலிருந்து வந்தான். புறக்கோட்டையில் போன் சாமான் விற்கும் கடையொன்றில் அவனுக்கு வேலை. ஹட்டன் பஸ்ஸில் வந்து, நோர்வூட் பக்கம் போகும் கடைசி வேனைப் பிடித்து, எங்கள் தோட்டத்து ரோட்டில் ஏறி வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. தோள் பையைக்கூட இறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தான்.

“சீனி பாக்குற வாச்சும்மா. இனிமே வெரல்ல ஊசி குத்தத் தேவையில்ல.”

அம்மாவுக்குச் சீனி வருத்தம். முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் காய்ப்புக் காய்த்த தோல். அந்தத் தோலில் ஊசி இறங்க இரண்டு மூன்று தரம் குத்த வேண்டும். ஒவ்வொரு தரமும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கட்டிப் பார்த்தோம். வாச்சின் அடியில் பச்சை வெளிச்சம் சிமிட்டியது. முப்பது செக்கன் கழித்து 5.6 என்று காட்டியது. “பதினெட்டால பெருக்குக்கா, நூறு வரும். கிளினிக்ல சொல்ற கணக்குல நூறு” என்றான் தம்பி. பெருக்கிப் பார்த்தேன். 100.8, நூறென்றே வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். பெருக்கல் சரியாக வந்ததை வைத்து அளவும் சரியென்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மாதமும் வாச்சு 5.4, 5.7, 5.5 என்றே சொன்னது. அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. காலைப் பிளேன்டீக்கு உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு குடிக்கும் பழைய பழக்கம் திரும்ப வந்தது. இராக் குளிசையைப் பாதியாக உடைத்துக் குடித்திருக்கிறார், அதை எனக்குச் சொல்லவில்லை. ஜனவரி கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, வாச்சு சொன்ன நூறுக்குப் பதில் 238. டாக்டரம்மா கிளினிக் கொப்பியைப் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டு, மருந்து ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. கையைத் தூக்கி வாச்சைக் காட்டினார்.

அன்று இரவு சமையலறையில் கறிக்கு வைத்திருந்த நுவரெலியாக் கரட் ஒன்றில் தடித்ததாகப் பார்த்து எடுத்தேன். வாச்சை அதில் இறுக்கிக் கட்டினேன். பச்சை வெளிச்சம் சிமிட்டியது. முப்பது செக்கன். நாடித்துடிப்பு 72. சீனி 5.5.

கரட்டை அறுத்துக் கறிக்குப் போட்டுவிட்டு, வாச்சைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் 238 கண்ணுக்குள்ளேயே நின்றது. புதுச் சாமான்களைப் பற்றி எனக்குள் இருந்த பல அபிப்பிராயங்கள் அந்த இரவில்தான் மாறத் தொடங்கின. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வாச்சு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, இன்னும் இரண்டு பேர் கையில் அதே வாச்சு இருந்தது. பச்சை வெளிச்சத்தை இரத்தம் உறிஞ்சும். இதயம் துடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் இரத்தத்தின் அளவு கொஞ்சம் கூடிக் குறையும், அதற்கேற்பத் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நாடித்துடிப்பைச் சொல்கிறது. நல்ல வாச்சுகள், நாம் அசையாமல் இருக்கும்போது இதைச் சரியாகவே எண்ணும். உயிரில்லாத பொருளில் கட்டினால், கிடைக்கும் சின்னச் சின்னத் தடுமாற்றத்தில் ஒரு தாளத்தைத் தேடிப் பிடித்து அதையும் துடிப்பென்று சொல்லிவிடும். நாடித்துடிப்பு வரை விஷயம் இவ்வளவுதான். ஆனால் சீனி வேறு. தோலைக் குத்தாமல் தானாகவே இரத்தச் சீனியை அளக்கும் வாச்சோ மோதிரமோ எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அவற்றை நம்பி மருந்தைக் கூட்டிக் குறைக்காதீர்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. தம்பி வாச்சைக் கொண்டு வருவதற்கு எட்டு மாதம் முந்தி. கையில் ஒட்டிக்கொள்ளும் சீனி அளவி ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உண்மையான சாமான், ஆனால் அதிலும் மயிரிழை போன்ற ஒரு கம்பி தோலுக்குள் போயே ஆக வேண்டும்.

இரத்த அழுத்தமும் இதைப் போலத்தான் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது. அதை அளக்கும் நல்ல வாச்சுகளும் இருக்கின்றன. சாம்சுங் வாச்சில், கையில் பட்டி சுற்றி அளக்கும் மெஷினோடு 28 நாளைக்கு ஒரு தரம் ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறார்கள். பட்டியே வேண்டாம், ஒப்பிடவும் வேண்டாம், கட்டின உடனே 120க்கு 80 என்று சொல்லும் மலிவு வாச்சு எதை அளந்து அதைச் சொல்கிறது என்று கேளுங்கள்.

தம்பியை நான் திட்டவில்லை. கரட்டில் கட்டிய வாச்சைப் படமெடுத்து அனுப்பினேன். அரை மணித்தியாலம் கழித்து எடுத்துப் பேசினான். “கடையில ஒரு நாளைக்கு இருபது வித்திருக்கேன்க்கா” என்றான். குரல் கம்மியிருந்தது. அடுத்த மாதமே கடை முதலாளியிடம் பேசி, சீனி என்று சொல்லி விற்பதை நிறுத்த வைத்தான். புதிதாக ஒன்று வந்தால் அவன் கண் விரிவது ஏன் என்று எனக்குத் தெரியும். அது எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது.

1990இல் எங்கள் லயத்துக்கு முதல் டீவியைக் கொண்டு வந்தது அப்பா. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல், ரூபவாஹினி வந்தது 1982இல். எங்கள் லயத்துக் காம்பராவுக்கு அது வந்து சேர அதற்குப் பிறகு எட்டு வருடம் எடுத்தது. அப்போது லயத்தில் கரண்ட் கிடையாது. கறுப்பு வெள்ளை டீவி, கார் பெட்டரியில் ஓடும். தீபாவளி முற்பணத்தையும் சீட்டுக் காசையும் சேர்த்து வாங்கினார். வாங்கும்போது நான் பக்கத்தில் நின்றேன், ஒன்பது வயது. படம் எப்படித் தெரியும், எத்தனை அங்குலம் என்று அப்பா கேட்கவில்லை. “பெட்டரியில எத்தன மணித்தியாலம் ஓடும்? கெட்டுப்போனா யாரு பாக்குறது?” இரண்டே கேள்வி. இரண்டாவதற்குக் கடைக்காரர் பஸாரில் ரேடியோ திருத்துகிறவரைக் கைகாட்டினார். அப்பா நேரே அவரிடம் போய், இந்த மொடலைத் திருத்த முடியுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துதான் காசை எண்ணிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு தரம் பெட்டரியைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு பஸாருக்குச் சார்ஜ் போட நடப்பார். இஸ்தோப்பு என்கிற முன் திண்ணை முழுக்க ஆட்கள். மூங்கில் கம்பத்தில் அன்டெனாவைத் திருப்ப ஒருவர், “வந்துருச்சு, வந்துருச்சு, விட்றாத” என்று கத்த ஒருவர். டவுனில் இருக்கிற சாமான் லயத்திலும் இருக்கிறது என்ற பெருமை அந்தச் சத்தத்தில் இருந்தது. புதுச் சாமான் மேல் எங்கள் சனங்களுக்கு இருக்கும் ஆசையை யாராவது பகட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாங்களும் இந்தக் காலத்து மனிதர்கள்தான் என்ற உரிமை அந்த ஆசைக்குள் இருக்கிறது.

சந்தேகப்பட்டே இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க முடியாது. அதற்கு 2020 சாட்சி. அதற்கு முந்திய வருடம் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளுக்கு டச் போன் எதற்கு, அந்தக் காசை பாங்கில் போடுங்கள் என்று உறுதியாகப் பேசியவள் நான். ஒரு தகப்பன் சேர்த்து வைத்திருந்த காசில் போன் வாங்கவிருந்தவர், டீச்சர் சொல்லிவிட்டார் என்று விட்டுவிட்டார். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடமெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போனது. அந்த வீட்டில் ஆறாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். பக்கத்துக் காம்பராவின் போனுக்காகப் பின்னேரம் வரை காத்திருந்து, அது கிடைத்ததும் சிக்னல் பிடிக்கத் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஓடுவார்கள். மழையில் நனையாமல் உரப் பையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, இருவரும் ஒரே போனுக்குக் குனிந்து, நான் அனுப்பிய பாடத்தைக் கொப்பியில் பார்த்து எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். தம்பியிடம் சொல்லி அவனுடைய பழைய போனை வரவழைத்துக் கொடுத்தேன். ஆனாலும் அந்த ஆறு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. தேவை என்ன என்று கேட்காமல் வேண்டாம் என்று சொல்வதும், தேவை என்ன என்று கேட்காமல் வாங்கிவிடுவதும் ஒரே பிழைதான் என்று அப்போது புரிந்தது.

இப்போது யாராவது வந்து, டீச்சர் இது வாங்கலாமா என்று கேட்டால், முதலில் விலையைப் பேராக மாற்றச் சொல்கிறேன். பேர் என்றால் மலையில் ஒரு நாள் வேலை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளக் கணக்கில் 90,000 ரூபா போன் என்றால் 67 பேர். மாதம் இருபது பேர் விழுந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல், அரிசி, மாவு, பிள்ளைகளின் பஸ் காசு எதுவும் இல்லாமல். அப்படிச் சொன்னதும் சிலர் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சிலர் யோசித்துவிட்டு, சரி, 67 பேருக்கு இது தகும் என்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்க்கத்தான் என்றால் தகும். தவணைக்கு வாங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: கடையில் மாதத் தொகையை மட்டுமே பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள், அதை மாதங்களால் பெருக்கி முதலில் கட்டும் காசையும் கூட்டி, வரும் தொகையைப் பேராக மாற்றுங்கள்.

வந்த உடனே வாங்குவதா, பொறுப்பதா என்பது அடுத்த சிக்கல். பொறுத்தவர்கள் பிழைத்த கதைகள் நிறைய. முதல் ஐபோன் 2007 ஜூன் கடைசியில் 599 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. செப்டெம்பர் தொடக்கத்திலேயே 399 ஆக்கிவிட்டார்கள். வரிசையில் நின்று முதல் வாங்கியவர்கள் கொதித்த பிறகு, ஆளுக்கு 100 டொலரைக் கடைக் கணக்கில் திருப்பிக் கொடுத்தார்கள். 2016 ஓகஸ்டில் வந்த சாம்சுங் நோட் 7 பெட்டரி தீப்பற்றியது. மாற்றிக் கொடுத்த போன்களும் பற்றின, ஒக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். காரணம் தேடி 2 இலட்சம் போன்களையும் 30,000 பெட்டரிகளையும் சோதித்துப் பார்த்ததில், இரண்டு இடத்தில் செய்த பெட்டரிகளில் இரண்டு விதமான கோளாறு என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய கம்பனிக்கே, சாமான் சனங்களின் கைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிய வந்திருக்கிறது.

ஆனால் எங்கள் நாட்டில் பொறுத்திருந்தே நட்டப்பட்டவர்களும் உண்டு. 2021இல் ஒரு போனுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த எங்கள் பள்ளிக்கூடத்து இளம் ஆசிரியர் ஒருவர், விலை இறங்கட்டும் என்று பார்த்தார். 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. சேர்த்த காசு பாதிப் போனுக்குத்தான் காணும் என்றாயிற்று. அதனால் பொறுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். இருக்கிற சாமான் ஓடுகிறதா, அதில் உங்கள் வேலை நடக்கிறதா என்று கேட்பேன். நடந்தால் பொறுக்கலாம். நடக்கவில்லை என்றால், புதிதாக வந்ததை விட்டுவிட்டு, போன வருடம் வந்ததில் நல்ல பெயர் எடுத்ததை வாங்கச் சொல்வேன்.

நல்ல பெயரை எங்கே விசாரிப்பது? வீடியோக்களில் அல்ல. அவற்றைச் செய்கிறவர்கள் காய்ந்த அறையில், வெள்ளை மேசையில் வைத்து ஒரு வாரம் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால் செப்டெம்பர் வரை சுவர் வியர்க்கும், உடுப்பு காயாது, பெட்டியில் வைத்த செருப்பிலும் பூஞ்சணம் பிடிக்கும். போனுக்கு மட்டும் வேறு மழையா?

ஹட்டனில் போன் திருத்தும் அண்ணன் ஒருவர் இதை எனக்குக் கண்ணால் காட்டினார். என் போன் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுபோனேன். தண்ணீரில் விழவே இல்லை என்று சொன்னேன். அவர் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்து, சார்ஜ் குத்தும் துவாரத்துக்குள் டோர்ச் அடித்து, பாருங்க டீச்சர் என்றார். உள்ளே நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு. அதன் இரு பக்கமும் தங்க நிறத்தில் நுணுக்கமான கோடுகள், மொத்தம் 24. அவற்றில் நாலு மட்டும் கறுத்து, ஓரத்தில் செப்புக் குடத்தின் களிம்பு மாதிரிப் பச்சை பூத்திருந்தது. “இந்த நாலுலதான் கரண்ட் ஏறுது. ஈரத்தோட கரண்டும் சேந்தா இப்படித் தின்னுரும். வெளிய குளிருல இருந்துட்டு வந்து அடுப்படியில வச்சிருப்பீங்க, ஆவி உள்ள போய்த் தண்ணியாயிருக்கும். தொடச்சா மேல காஞ்சிரும், உள்ள காயாது. அதோட சார்ஜ் போட்டிருப்பீங்க.” நான் செய்தது அத்தனையும் அதேதான். தேத்தண்ணி வைக்கும்போது அடுப்புக்கு மேல் தட்டில்தான் போனைச் சார்ஜில் வைப்பேன்.

தண்ணி புகாத போன் என்று பெட்டியில் ஐ.பி. 67 என்ற இலக்கம் போட்டிருந்ததே என்றேன். அந்த இலக்கம், புதுப் போனைச் சுத்தமான தண்ணீரில் குறித்த ஆழத்தில் குறித்த நேரம் வைத்துப் பார்த்துக் கொடுப்பது என்று விளக்கினார். 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம். ஆவிக்கு அந்தச் சோதனை இல்லை. சுற்றியிருக்கும் பசை வருடம் போகப் போக இளகும். ஒரு தரம் கழற்றிப் பூட்டிவிட்டால் அந்த இலக்கத்தை மறந்துவிட வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் கூடாதாம். துவாரத்துக்குள் தவிடும் நொய்யும் போய் அடைத்துவிடும். அப்பிள் கம்பனியே 2024இல் அரிசியில் போட வேண்டாம் என்று அறிவித்தது. துவாரம் கீழே பார்க்கப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றுப் படும் இடத்தில் ஒரு நாள் வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். நான் இப்போது போனை இராவில் சமையலறையிலிருந்து தள்ளி, பள்ளிக்கூடப் பையோடு வைக்கிறேன். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைச் சேர்த்து, ஒரு மூடிய டப்பாவில் மற்றச் சாமான்களோடு போட்டு வைத்திருக்கிறேன்.

புறப்படும்போது கேட்டேன், இப்போது வந்திருக்கும் இந்தப் புது மொடல் நல்லதா என்று. அவர் சொன்ன பதில் எனக்கு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. “ஒரு மழைக்காலம் தாண்டட்டும் டீச்சர். செப்டெம்பர்ல எந்த மொடல் எங்கிட்ட கூட வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்.” அப்பாவின் கேள்விக்கும் அதே இடத்தில்தான் பதில். கெட்டுப்போனால் யார் பார்ப்பது? அந்த அண்ணனிடம் உதிரிப்பாகம் கிடைக்கும் மொடலா? கம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா? கடை வாரண்டி என்றால் அந்தக் கடை அடுத்த வருடம் அங்கே இருக்குமா? டுபாயிலிருந்து வந்தது, கட்டாரிலிருந்து வந்தது என்று மலிவாகத் தருவதை வாங்கும் முன் *#06# அழுத்தி வரும் 15 இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஐ.எம்.இ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். விற்கிறவர் முன்னாலேயே அனுப்புங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் முறையிடலாம், பில் மட்டும் பத்திரம்.

பிளக் விஷயத்தையும் விட முடியாது. புதுச் சாமான்கள் மூன்று சதுரக் கால் பிளக்கோடு வருகின்றன, சில இரண்டு மெல்லிய உருண்டைக் காலோடு வருகின்றன. லயத்துச் சுவர்களில் இருப்பதோ பழைய உருண்டை மூன்று துவாரம். பள்ளிக்கூடத்தில் சதுரத் துவாரச் சொக்கட்டின் மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி வைத்துக்கொண்டு, இரண்டு கால் பிளக்கைத் திணித்திருந்தார்கள். அந்த மேல் ஓட்டைதான் உள்ளே இருக்கும் பாதுகாப்புக் கதவைத் திறப்பது. பிள்ளைகள் விரல் விடாமல் இருக்க வைத்த கதவு அது. சில நூறு ரூபாவுக்கு நல்ல அடெப்டர் இருக்கிறது, தயவுசெய்து அதை வாங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கியதும் ரவுட்டரின் கரண்ட் வயரையும் டெலிபோன் வயரையும் இரண்டையுமே கழற்றுங்கள். கரண்டை மட்டும் கழற்றிவிட்டு, லைன் வழியாக வந்த மின்னலுக்கு ரவுட்டரைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் டிவிசனில் மூன்று.

தம்பி அடுத்ததாக மயங்கியது சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சாமானில். பேசினால் பதில் சொல்லும், உள்ளங்கையில் எழுத்தை வெளிச்சமாக அடிக்கும். ஏஐ பின் என்று பெயர், 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் 699 டொலருக்கு வந்தது, மாதம் 24 டொலர் தனி. இனிப் போனே தேவையில்லை என்று வீடியோ வீடியோவாக அனுப்பினான். பத்து மாதம்தான். 2025 பெப்ரவரியில் அந்தக் கம்பனி தன் உடைமைகளை எச்.பி.க்கு விற்றது, 28ஆம் திகதியோடு அவர்களின் சேர்வர் நின்றது, வாங்கியவர்களின் சட்டையில் இருந்தது வெறும் பித்தான் ஆனது. அன்று அவனே எடுத்துப் பேசினான். “அக்கா, அப்பா கேட்டுருப்பாரு. கம்பனி போயிருச்சுன்னா இது ஓடுமான்னு.” ஆமாம், கேட்டிருப்பார்.

அந்தக் கேள்வியை 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் எங்கள் எல்லோரிடமும் கேட்டது. மலைகள் சரிந்தன, ரோடுகள் அறுந்தன. எங்கள் பக்கம் நாலு நாள் கரண்ட் இல்லை, இரண்டாம் நாள் காலையோடு சிக்னலும் போயிற்று. வீட்டில் இரண்டு நல்ல போன், ஒரு டெப், பவர் பேங்க் எல்லாம் இருந்தன. மேல் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்று ஓடி வந்து சொன்னார்கள். எழும்பிப் போக வேண்டுமா, இருக்கலாமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பகுதிக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது என்று அறிய ஒரு வழியும் இல்லை. என் புதுப் போனில் ரேடியோ இல்லை. காதில் மாட்டும் வயரைத்தான் போன் ரேடியோவுக்கு அன்டெனாவாக எடுக்கும், இந்தப் போனில் அந்த வயர் குத்தும் துவாரமே கிடையாது. வாங்கும்போது அதை நான் கவனிக்கவில்லை. அப்போது அம்மா தலையணைக்கு அடியிலிருந்து அப்பாவின் பழைய கைரேடியோவை எடுத்தார். இரண்டு பென்டோர்ச் பெட்டரி போட்டது. இஸ்தோப்பில் இருபது பேர் அதைச் சுற்றிக் குந்திக்கொண்டு தமிழ்ச் செய்தி கேட்டோம். எங்கள் பிரதேசத்தின் பெயர் சிவப்பில் வந்தது. அரை மணித்தியாலத்தில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு இறங்கிவிட்டோம். அன்று அந்த இருட்டில் வழி காட்டியது தம்பி போன வருடம் கொண்டு வந்த தலையில் மாட்டும் எல்இடி டோர்ச். எதற்கு இந்த விளையாட்டுச் சாமான் என்று நான் ஆணியில் மாட்டி வைத்திருந்தது அது. இரு கையிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்க அதனால்தான் முடிந்தது.

புது வருடம் பிறந்ததும் தம்பியிடம் ரேடியோவும் டோர்ச்சும் ஒன்றாக இருக்கும், கையால் சுற்றினாலும் வெயிலில் வைத்தாலும் சார்ஜ் ஏறும் சாமான் ஒன்று தேடச் சொன்னேன். மூன்று மொடல் கொண்டு வந்தான். இந்த முறை அவனே ஒரு வாளித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூன்றையும் ஆவி படும்படி பக்கத்தில் வைத்து, மறுநாள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்று கரகரத்தது, அதைத் திருப்பிக் கொடுத்தான். மற்ற இரண்டையும் மே மாதத்துக்காக வைத்திருக்கிறோம்.

அந்த வாச்சு இன்னும் அம்மாவின் கையில்தான் இருக்கிறது. சீனியும் இரத்த அழுத்தமும் காட்டும் பக்கங்களைத் தம்பி மறைத்துவிட்டான். சீனி பார்க்க வாரத்துக்கு இரண்டு நாள் பழைய மெஷினில் நான்தான் குத்துகிறேன். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் காய்ப்பு இல்லாததால் ஒரே தரத்தில் இரத்தம் வருகிறது, வலியும் குறைவு. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தது. கடைசியாக எழுதியது 131. வாச்சைக் கழற்றித் தரச் சொன்னபோது அம்மா விடவில்லை. அம்மாவுக்கு வலக் காது ஏறக்குறைய கேட்காது, தம்பி போன் எடுத்தால் மணியடித்து ஓயும் வரை தெரியாது. மாதக் கணக்கில் எத்தனை அழைப்பு அப்படிப் போயிருக்கிறது. பெட்டியில் எங்கும் எழுதியிராத ஒன்றை அவராகவே கண்டுபிடித்திருக்கிறார்: போன் அடித்தால் வாச்சு மணிக்கட்டில் அதிரும். நேற்றுப் பின்னேரம் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தவர் சட்டென்று கையை உதறினார். “நம்ம பயதான்” என்று சொல்லிக்கொண்டே, மாவுக் கையோடு முன் காம்பராவுக்கு ஓடினார்.